கொடி இல்லாத கார்

லீவில் ஊருக்கு வந்தால் போதும், ஏதாவது ஒரு காலேஜில் பிடித்து மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ''கேள்வி இருந்தா கேளுங்க'' என்றதும் முதல் குரல் கடைசி பெஞ்சிலிருந்துதான் வரும்.

''சார், உங்க கார்ல கொடி பறக்குமா?''

பறக்காது பாஸ்! 1961 வியன்னா ஒப்பந்தம் 20-ம் பிரிவுப்படி அந்த கெத்து தூதருக்கு மட்டும்தான். என்னை மாதிரி செகண்ட் செக்ரட்டரிக்கு நம்பர் பிளேட்தான் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். அதுக்கே அபார்ட்மென்ட் வாட்ச்மேன் எழுந்து நிற்பார் என்பது வேறு விஷயம்.

ஐ.எஃப்.எஸ். சேர்ந்தால் ஆளுக்கு ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்குவார்கள். எனக்கு அரபி. படிக்க கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே புத்தகத்தில் இருக்கும் அரபியை டாக்ஸிக்காரரிடம் பேசினால், கோயம்பேடு மார்க்கெட்டில் போய் 'ஐயா, தக்காளி யாது விலை?' என்று கேட்ட மாதிரி. மனுஷன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். 'எப்படி இருக்கே?' என்பதற்கு கெய்ரோவில் 'இஸ்ஸயக்'. வளைகுடாவுக்குப் போனால் அதுவே 'ஷ்லோனக்'. அதாவது, உன் நிறம் என்ன! இதையெல்லாம் கற்றுக்கொண்டு, தேர்வும் பாஸ் பண்ணி, 2017-ல் வளைகுடாவில் ஒரு நாட்டுக்குப் போனேன். அமைச்சர்கள் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுக்கும் நான்... இப்படி ஒரு கனவு.

கிடைத்தது கான்சுலர் பிரிவு. அதாவது, கவுன்டர்.

காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கும். பாஸ்போர்ட் புதுப்பிக்க, குழந்தை பிறந்ததைப் பதிய, சான்றிதழில் முத்திரை வாங்க. பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொள்ள, உடுத்திய துணியோடு ஓடி வந்தவர்களும் நிற்பார்கள். அவர்களுக்கு ஊர் திரும்ப ஒரு வழிக்கு மட்டும் செல்லும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் உண்டு. 'அவுட்பாஸ்' என்று சொன்னால்தான் அங்கே யாருக்கும் புரியும். டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்களுக்கு 2009-ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கவுன்டரில் ஒவ்வொரு சேவைக்கும் நாங்கள் கூடுதலாக வாங்கும் சின்னத் தொகைதான் அதில் சேர்கிறது. லீவு நாளில் தொழிலாளர் கேம்ப், நடுவில் ஒரு நாள் ஜெயில் விசிட். போட்டோவில் வருகிற கோட் சூட் விருந்தெல்லாம் எப்போதாவதுதான். அதிலும் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கிளாஸ் என்று இருந்தால் எதை வைத்துச் சாப்பிடுவது?

இந்த வேலையில் ஒரு ஃபைல் மட்டும் தனி ரகம். ஒரு நாட்டில் வெளிநாட்டுக்காரர் இறந்தால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1963-ம் வருஷத்து வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. 37-ம் பிரிவு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். தகவல் வந்த பிறகு நாங்கள் குடும்பத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியது ஒரு பதில்: உடலை ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே அடக்கமா? அது வந்தால்தான் அடுத்த பேப்பர் நகரும்.

ஒரு வியாழக்கிழமை மதியம். சிவகங்கை பக்கத்துக்காரர். தூக்கத்திலேயே மாரடைப்பு. வேலை பார்த்த கம்பெனியின் ஆள் ஃபைலை நீட்டி, ''வீட்டுக்குச் சொல்லியாச்சு சார்'' என்றார். வெள்ளி, சனி லீவு. இன்றைக்கே பதிலை வாங்கிவிட்டால் ரெண்டு நாள் மிச்சம். சொல்லியாச்சா என்று நான் சரிபார்க்கவில்லை. நம்பரை அடித்தேன்.

ஒரே ரிங்கில் எடுத்துவிட்டார்.

''ஏங்க, மூணு நாளா என்னங்க ஆச்சு? கார்டு வாங்கக் காசில்லையா? பாப்பாவுக்குக் காதுகுத்து தேதி குறிச்சிட்டாங்க. நீங்க வர்றீங்களா, இல்லையான்னு எங்கப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு...''

வெளிநாட்டு நம்பர். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

என் வாயில் அரபியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவர் இன்னும் ரெண்டு வாக்கியம் பேசினார். அதை நான் கேட்டிருக்கவே கூடாது. அது எனக்கானது இல்லை.

''அம்மா, நான் இந்தியத் தூதரகத்துலேருந்து பேசுறேன். பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?''

தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் அழவில்லை. ''இருங்க சார்'' என்று ரொம்ப மெதுவாகச் சொன்னார். போனைக் கீழே வைக்கிற சத்தம். குக்கர் விசில். பிறகு ஒரு வயசான குரல்: ''சொல்லுங்க தம்பி.''

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ''எப்ப அனுப்புவீங்க?'' என்றார். நான் கேட்க வேண்டிய கேள்விக்கு, கேட்காமலே அவர் பதில் சொல்லிவிட்டார்.

11 நாள் ஆனது. போலீஸ் அறிக்கை, மெடிக்கல் ரிப்போர்ட், எங்கள் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங், சரக்கு விமானத்தில் இடம். பிணவறை கிளார்க்கிடம் நாலு முறை நடந்தேன். என் அரபியைக் கேட்டு, ''எகிப்து சினிமாவில் நடிச்சியா?'' என்று கிண்டலடித்தார். கெய்ரோ பேச்சு சினிமா வழியாக அந்தப் பக்கம் எல்லோருக்கும் பழக்கம். ஆனாலும் சிரித்துக்கொண்டே என் ஃபைலை அடுக்கின் மேலே எடுத்து வைத்தார். ரெண்டு வருஷம் அரசாங்கச் செலவில் படித்த மொழி, அன்றைக்கு ஒரு ஃபைலை மேலே ஏற்றியது. பாக்கிச் சம்பளம் கலெக்டர் ஆபீஸ் வழியாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர 7 மாசம்.

அதன் பிறகு எந்த வீட்டுக்கும் நான் நேராக போன் செய்ததில்லை. இறந்தவருடைய ரூம்மேட்டைப் பிடிப்பேன். அவர் மூலமாக ஊரில் ஒரு மாமாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ முதலில் அங்கே போகச் சொல்வேன். அவர் போய் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் என் போன். ஒரு மணி நேரம் கூடுதலாகும். ''ஏன்ப்பா லேட்டு?'' என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். சர்க்குலர் ஒன்றும் வரவில்லை. இடம் மாறும்போது எனக்குப் பின்னால் வந்தவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் இதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.

இப்போது வேறு நாடு. கனவு கண்ட அந்த மாதிரி வேலைதான். பேச்சுவார்த்தை, குறிப்பு, எப்போதாவது விருந்து. பொய் சொல்ல மாட்டேன், பிடித்துத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்வேன். அவங்க 'ஹலோ' சொல்வதற்குள், ''அம்மா, நான்தான். நல்லா இருக்கேன்'' என்று முந்திக்கொள்வேன்.

''நல்லா இருக்கியான்னு இன்னும் கேட்கவே இல்லையேடா, என்ன அவசரம்?'' என்று ஒவ்வொரு வாரமும் திட்டுகிறார்.