உறுமல் திரும்பி வந்தது

நாய்ப் பயிற்சிக்கு என்னை அழைக்கிற வீடுகளில், காப்பிக்கு முன்னாலேயே புகார் வந்துவிடும். "சார், இது எங்களை மதிக்கிறதே இல்லை. தான்தான் வீட்டுக்குத் தலைவன்னு நெனச்சுக்குது." சோபாவில் ஏறிப் படுப்பது, வாசலில் முந்தி ஓடுவது, சங்கிலியை இழுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். "முதல்ல நீங்க சாப்பிடுங்க, அப்புறம் அதுக்கு வையுங்க" என்று உபதேசமும் செய்திருக்கிறேன். உறுமிய நாயை மல்லாத்தி, அடங்கும்வரை அமுக்கிப் பிடித்தும் இருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் செய்ததும் அதுதான்.

அதற்கு விலை கொடுக்க வைத்தது ஒரு ராஜபாளையம். இரண்டு வயது ஆண். சோற்றுத் தட்டருகே யார் போனாலும் உறுமும். ஒரு வாரம் மல்லாத்தினேன், உறுமல் நின்றது. வீட்டுக்காரர் பேசிய காசை முழுசாகக் கொடுத்தார். மூன்றாம் வாரம், தட்டை எடுக்கக் குனிந்தவரின் கையை அது சத்தமில்லாமல் கவ்விவிட்டது. ஆறு தையல். "ஒரு அறிகுறியும் காட்டாம கடிச்சிருச்சு சார்" என்றார். அது காட்டிக்கொண்டிருந்த அறிகுறியை நிறுத்தியதற்குத்தான் நான் காசு வாங்கியிருந்தேன்.

அதன் பிறகுதான், ஓநாய்களிடமிருந்து நாய்களுக்கு வந்த இந்த 'ஆல்பா', அதாவது 'தலைவன்' கதையின் வேரைத் தேடிப் படித்தேன். 1947-ல் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் ஷென்கெல், பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஒதுங்கிப் போக வழியில்லாத இடத்தில் அவை மோதிக்கொண்டன. 'ஆல்பா' என்ற பேச்சு பரவ, டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய்ப் புத்தகமும் ஒரு காரணம். அதே மெக், 1986 முதல் கோடைதோறும் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பார்த்துவிட்டு, 1999-ல் தன் பேச்சைத் தானே திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டமென்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்; மூத்தவை முன்னே போவது பெற்றவர்கள் என்பதால். மல்லாத்தும் முறையை 1978-ல் புத்தகம் போட்டுப் பரப்பிய நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகளும் பிற்பாடு அதைக் கைவிட்டார்கள். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மல்லாத்தப்பட்ட நாய்களில் 31 சதவீதம் எதிர்த்துச் சீறியதாக அவற்றை வளர்ப்பவர்களே சொல்லியிருந்தார்கள்.

காசு வேண்டாமென்று சொல்லி, அதே ராஜபாளையத்திடம் மறுபடி போனேன். தட்டிலிருந்து எட்டடி தள்ளி நின்றேன். அது தலையைத் தாழ்த்தி அவசரமாக விழுங்கியது. முதுகு விறைத்தது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. முன்பெல்லாம் இதைத் திமிர் என்பேன். வாயில் இருப்பது பறிபோய்விடுமோ என்கிற பயம் அது. வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுக்குள் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தேன். தினமும் இதுதான் வேலை. முதுகு தளர்ந்தால் அரையடி நெருங்குவேன். விறைத்தால் ஓரடி பின்வாங்குவேன். ஐந்தாவது வாரம், என் செருப்புச் சத்தம் கேட்டதும் அது தட்டை விட்டுத் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தது. வால் தாழ்வாக, மெதுவாக ஆடியது.

சில மாதம் கழித்து வீட்டுக்காரர் பதறிப்போய் போன் செய்தார். ஊரிலிருந்து வந்த பேரன் தட்டுப் பக்கம் தவழ்ந்து போயிருக்கிறான். "சார், திரும்பவும் உறுமுது!"

"பையன்?"

"உறுமின உடனே தூக்கிட்டோம்."

"அப்ப அது வேலையைச் சரியாச் செஞ்சிருக்கு" என்றேன். "பையன் ஊருக்குப் போற வரைக்கும் தட்டை உள் ரூம்ல வச்சுக் கதவைச் சாத்திருங்க."