காய் பாக்கி

 

பள்ளிவாசல் கட்டிய கதைகளை நம் இதழ்களில் நீங்கள் நிறையவே படித்திருப்பீர்கள். நான் எழுத முற்பட்டிருப்பது ஒரு கிறிஸ்தவ தேவாலயம் விரிவாக்கப்பட்ட கதை. இது நம் பத்திரிகையில் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் பொறுமையுடன் முழுவதும் படிக்க வேண்டுகிறேன். இக்கதையில் எனக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அன்று.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்பது எங்கள் குடும்பத் தொழில். எங்கள் ஊரின் நிலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டங்கள் மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றில் உழைக்கும் கைகளோ பெரும்பாலும் கீழே தேனி மாவட்டத்தைச் சேர்ந்தவை. விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு ஏறும். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரிந்து செல்லும். மாலையில் அதே ஜீப்புகள் அதே பெண்களை இறக்கிவிடும். காய் உலர்ந்து சாக்கில் இறங்கினால் எங்கள் கிடங்குகளில் சல்லடை ஏறித் தரம் பிரியும். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலங்களில் அதன் விலை நிர்ணயமாகும்.

அம்மலைச் சரிவுகளுள் ஒன்றில் ஒரு சிறு சபை இருக்கிறது. அதன் பெயரையும் ஊரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. தலைமுறைகளாகக் கூலிக்கு உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக நிலம் வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூடித் தொழுகின்றன. முதலில் அது ஒரு தகரக் கொட்டகை. பின்னர் கல்சுவர் வந்தது. குடும்பங்கள் பெருகவே ஞாயிறுதோறும் பாதிப்பேர் மழையில் குடை பிடித்தபடி வெளியில் நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே 2017இல் ஆலயத்தை நீட்டிக் கட்டவும், பிள்ளைகள் மாலையில் படிப்பதற்கு ஒரு கூடம் எழுப்பவும் அவர்கள் தீர்மானித்தனர்.

பணம்? சீமையிலிருந்து எவரும் அனுப்பவில்லை. மாதத்தில் ஒரு நாள் கூலியை உறையிலிட்டுக் கொடுப்பது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்து வைப்பது. அறுவடைப் பண்டிகையில் முதற்பலனைப் படைத்து ஏலம் விடுவது. அவ்வளவுதான் அவர்களுடைய மூலதனம்.

பிடி அரிசி என்றதும் உங்களில் வயதில் மூத்தவர்கள் புன்னகை செய்திருப்பீர்கள். என் தாயாரின் அடுப்பங்கரையிலும் மதரஸாவுக்கென்று ஒரு மண் கலயம் இருந்தது. வாரம் ஒருமுறை ஓதும் பிள்ளைகள் வந்து அதைச் சாக்கில் கொட்டிக்கொண்டு போவார்கள். கேரளத்தில் 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்ட சாவற அச்சன், 19ஆம் நூற்றாண்டில் மான்னானத்தில் ஏழைப் பிள்ளைகளின் பகலுணவுக்காக இதே வழியைக் கையாண்டார். அதே மலையாள தேசத்தில் நம்மவர்களின் மதரஸாக்களும் பிடி அரிசியால் வளர்ந்தன. வடகிழக்கே மிசோரம் மலைகளின் சபைகள் நூறாண்டுக்கும் மேலாக இன்றளவும் அதைக் கைவிடவில்லை. எவர் எவரிடமிருந்து கற்றார் என்று ஆராய்வது வீண். இல்லாதவர்களின் வீட்டிலும் ஒரு பிடி இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கப் பண்டிதர் தேவையில்லை.

அச்சபையின் உபதேசியார் ஒருநாள் என்னைத் தம் அறையில் அமரவைத்துத் தேநீர் கொடுத்தார். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வெங்காயக் குவிமாடங்கள், மினாராக்கள். "இது எந்த ஊர்ப் பள்ளிவாசல் ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பள்ளிவாசல் இல்லை பாய். தோர்ணக்கல் பேராலயம்" என்றார்.

திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அன்று நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த, இன்று தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கலில் அவர் எழுப்பிய ஆலயம் அது. கோயில் தூண்களின் சாயலையும் பள்ளிவாசலின் குவிமாடத்தையும் மினாராக்களையும் வேண்டுமென்றே அதில் இணைத்தார். அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் பரம ஏழைகள். அவர்களின் காணிக்கைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியதால் வேலை முடிய ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. 1939 ஜனவரி 6ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. "கால் நூற்றாண்டு பாய்! நாங்கள் ஆரம்பித்து இரண்டு வருடம்தானே ஆகிறது" என்று உபதேசியார் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

அவர் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த அந்தப் பெருமழை ஆலயத்தின் பின்சரிவையும் விடவில்லை. மண் சரிந்து, புதிதாக வெட்டிய அஸ்திவாரக் குழிகள் மூடிப்போயின. கூடம் பின்னால் இருக்கட்டும், முதலில் தாங்கு சுவர் வேண்டும் என்றாயிற்று. கையிருப்பு அத்தனையும் சுவருக்குப் போதவில்லை.

அதே மழையில் ஏலச் செடிகளும் அழுகின. மறு ஆண்டு வறட்சி வேறு. காய் குறைந்ததால் விலை ஏறிற்று. எப்படி ஏறிற்று தெரியுமா? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரை கேட்கப்பட்டது! அது ஏதோ ஒரு மூட்டைக்குக் கிடைத்த விலைதான். எல்லாக் காய்க்கும் அல்ல. ஆயினும் மலை முழுவதும் அந்தப் பேச்சாகவே இருந்தது.

அவ்வாண்டு அறுவடைப் பண்டிகைக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கிய பிறகே போனேன். பூசணிக்காய், வாழைத்தார், காப்பிக்கொட்டை, பலகாரம் என்று வரிசையாக வைத்திருந்தனர். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திரும்பவும் சபைக்கே கொடுக்க, அது மீண்டும் ஏலத்துக்கு வரும். ஒரு சேவல் என் கண் முன்னே மூன்று முறை விலைபோயிற்று. அதற்கே அலுத்துவிட்டது போலும், நான்காவது முறை கூவிவிட்டுக் கூரைமேல் ஏறிக்கொண்டது.

ஏலக்காயை மட்டும் அப்படிச் சில்லறையாக விடுவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் கொண்டுவந்ததைச் சாக்குகளில் கொட்டிச் சேர்த்து மொத்தமாக ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வியாபாரி நான். அவ்வாண்டு 62 கிலோ சேர்ந்திருந்தது.

கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தேன். நல்ல பச்சை. உருண்டை. பல வீட்டுக் காய் கலந்திருந்தாலும் பாதிக்கு மேல் 8 மில்லிமீட்டர் தேறும் என்று என் விரல்களுக்கு அக்கணமே தெரிந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம், பொய் சொல்லாது. என் வாய்தான் சொன்னது. "கலப்புக் காய் ஐயா. லிட்டர் எடை நிற்காது. விலையும் இறங்கப் போகிறது" என்றேன். கிலோவுக்கு 400 ரூபாய் குறைத்துப் பேசினேன். உபதேசியார் ஒரு சொல்லும் மறுக்கவில்லை. "பாய் சொன்னால் சரிதான்" என்று சபையாரிடம் கூறினார். கடையில் சல்லடையிட்டபோது என் விரல்கள் கணித்ததே மெய்யாயிற்று.

நேயர்களே, அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். உறக்கம் வராமல் தவித்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

2020இல் ஊரடங்கு வந்தது. எல்லையைக் கடந்து ஆட்கள் போக இயலவில்லை, ஏலங்கள் நின்றன. ஆலய வேலையும் நின்றது. அதன்பின் விலை சரிந்து கிடந்த ஆண்டுகளில் காணிக்கை உறைகளும் மெலிந்தன. ஆயினும் பிடி அரிசிக் கலயம் நிற்கவில்லையென்று பின்னர் அறிந்தேன்.

2010இன் இறுதியில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் அகலப்பாதையில் மீண்டும் ஊருக்கு வந்தது. அந்தக் கோலாகலம் ஓயுமுன் ஒரு பிற்பகலில் உபதேசியாரும் இரண்டு பெரியவர்களும் ரசீதுப் புத்தகத்துடன் என் கடைப்படி ஏறினர். கூரை மட்டுமே பாக்கியாம். அமர்ந்தவுடன் உபதேசியார் அருகிலிருந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "அந்தத் தாங்கு சுவர் எழும்பியதே இந்த பாய் கொடுத்த காய்க் காசில்தான்."

நான்கு ஆண்டுகள் கழித்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களிடம் இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பிவிட்டு, எனக்கு ஓதிக்கொடுத்த ஆலிம் பெருந்தகையிடம் சென்றேன். "ஹஜரத், தேவாலயக் கட்டடத்துக்கு நாம் நன்கொடை கொடுக்கலாமா?" என்று மார்க்கச் சட்டம் விசாரிப்பவனைப்போல் ஆரம்பித்தேன்.

அவர் நிதானமாகவே விளக்கினார். பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்தைக் கட்டப் பொருள் கொடுப்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவர்களின் பசிக்கும் பிணிக்கும் கொடுப்பதில் தடையில்லை, நன்மையே உண்டு. அதே நேரத்தில், மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் மஸ்ஜித்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதைத் திருக்குர்ஆன் ஹஜ் அத்தியாயத்தில் சேர்த்தே பேசுவதை எடுத்துக்காட்டினார். ஜெருசலம் பணிந்தபோது, தேவாலயத்தினுள் தொழ அழைக்கப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தாம் தொழுத இடம் என்று சொல்லிப் பின்வருவோர் அதனைக் கைப்பற்றிவிடக் கூடாதே என்று வெளியே வந்து தொழுததாக வரலாற்றில் கூறப்படுவதையும் நினைவூட்டினார்.

பின்பு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "இதைக் கேட்கத்தான் வந்தாயா?"

சாக்கில் கைவிட்டதிலிருந்து சொல்லி முடித்தேன். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய அந்த நிகழ்ச்சியை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நானே சிறுவயதில் அவரிடம் பாடம் கேட்டதுதான். இவ்வளவே கூறினார்: "நன்கொடை கொடுக்கலாமா என்று ஏன் விசாரிக்கிறாய்? நீ கொடுக்க வேண்டியது கடன். அதற்கு ஃபத்வா தேவையில்லை."

62 கிலோ, கிலோவுக்கு 400. 24,800 ரூபாய். மறுநாளே மலையேறினேன். உபதேசியார் முன் பணத்தை வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. சன்னலுக்கு வெளியே தாங்கு சுவர் தெரிந்தது. அதன் கற்களிடையே பாசி பிடித்திருந்தது.

"அந்த வருடம் சுவரை மூன்றடி குறைத்தோம் பாய்" என்றார் கடைசியில்.

பின்னர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அதில் 'நன்கொடை' என்று அச்சிட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு சிறிது யோசித்தார். நான் அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னேன். அவ்வாறே அடித்துவிட்டு, மேலே 'காய் பாக்கி' என்று எழுதினார்.

"ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். "மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவைச் சபையில் வாசிப்போம். யார், என்ன, எதற்கு என்று முழுவதும் வாசிப்பது வழக்கம். உங்களுக்குச் சங்கடமாயிருந்தால், பெயர் சொல்லாத அன்பர் என்று எழுதிவிடுகிறேன்."

என் நிலையை எண்ணிப் பாருங்கள். மலையில் எனக்குக் காய் கொடுப்பவர்களில் பாதிப்பேர் அந்தச் சபையார். வியாபாரியின் முதல் அவன் பெயர்தான். நம் பள்ளிவாசலுக்கு நான் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் இறக்கையில் என் பெயரும் தகப்பனார் பெயரும் கொட்டை எழுத்தில் சுற்றிக்கொண்டிருப்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. "பெயரோடு வாசியுங்கள்" என்றேன். சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வாசித்தார்கள். நான் அங்கில்லை. இரண்டு குடும்பங்கள் அதன்பின் என் கடைக்கு வரவில்லை. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கூரை அவ்வருட இறுதியில் முடிந்தது. பண்டிகைக்கு அழைப்பு வந்தபோது போகத் தயங்கினேன். உபதேசியாரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

காய் சாக்குகள் முன்போலவே காத்திருந்தன. பக்கத்தில் சபையார் புதிதாக வாங்கியிருந்த மின்தராசும், 8 மில்லிமீட்டர் சல்லடையும் இருந்தன. முதலில் அவர்கள் சலித்து, அவர்கள் எடை போட்டார்கள். பிறகு என்னிடம் விலை கேட்டார்கள்.