வரமிளகாய்ப் புகை

காரத்துக்குப் பேர்போன ஓட்டல் என்றால் நம்மவர்களிடம் சில எதிர்பார்ப்புகள் உண்டு. பெயர்ப்பலகை இருக்கக் கூடாது; இருந்தாலும் எழுத்து அழிந்திருக்க வேண்டும். வழி கேட்டால் மூன்று பேர் மூன்று திசையைக் காட்ட வேண்டும். கீற்றுக் கொட்டகை, ஆடுகிற பெஞ்சு, வாழை இலை. எல்லாவற்றுக்கும் மேலே 'விறகடுப்புச் சமையல்'. இந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், அறுபது கிலோமீட்டர் காரை விரட்டிக்கொண்டு போவோம். நீங்களும் போயிருப்பீர்கள்.

நான் போனது பள்ளிபாளையம் பக்கம். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம். விசைத்தறிச் சத்தம் ஓய்கிற இடத்தில் ஒரு மண் பாதை. அதன் கடைசியில் அந்தக் கொட்டகை.

பள்ளிபாளையம் சிக்கன் ரொம்பச் சிக்கனமான சமாச்சாரம். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், கை நிறைய வரமிளகாய். அவ்வளவுதான். மல்லித்தூள், கரம் மசாலா, தக்காளி எதுவும் கிடையாது. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுத்தான் போடுகிறார்கள். அப்படியும் நாலாவது வாயில் எனக்குக் காது அடைத்தது.

காரம் ஒரு சுவையே இல்லை, தெரியுமோ? அது வலி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் நரம்பு ஏற்பியைப் போய்த் தட்டுகிறது. மூளை 'தீ!' என்று அலறுகிறது. 1997-ல் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்துச் சொன்ன டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால் சொம்பு சொம்பாகக் குடித்துப் பிரயோஜனமில்லை, மோர் கேளுங்கள்.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் சமையல் செய்கிற அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயசிருக்கும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, இரும்புச் சட்டியில் மிளகாயை வதக்கிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டே நிமிஷத்தில் இருமல் வந்துவிட்டது. அதே ஏற்பி கண்ணிலும் தொண்டையிலும் இருக்கிறதே!

"தினமும் எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"பழகிப்போச்சுங்க. ராத்திரிதான் இருமல் தூங்க விடாது."

"கேஸ் வெச்சுக்கலாமே?"

"வூட்டுல கேஸ்தானுங்க. இங்கயும் ஒரு மாசம் வெச்சுப் பாத்தோம். கார்ல வர்றவங்க அடுப்பை எட்டிப் பாத்துட்டு, ருசி போயிருச்சுன்னு சொல்லிப்போட்டாங்க."

"நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"தயிர்ச்சோறுதானுங்க. காரம் எனக்கு ஆகாது" என்று சிரித்தார்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது அடுப்படியில் நிற்கிற பெண்களும் குழந்தைகளும். கிராமத்து வீடுகளுக்கு கேஸ் கொடுக்க 2016-ல் ஒரு திட்டமே போட்டார்கள். வீட்டிலிருந்து வெளியேறிய விறகைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்திருப்பது நாம்தான், நாக்குக்காக. நமக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம். அவருக்குத் தினமும் ஆறு மணி நேரம்.

விறகில் ருசியே இல்லை என்று சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கறியை ருசியாக்குவது பெரும்பாலும் நல்ல மிளகாயும், சின்ன வெங்காயமும், அவசரப்படாத கையும்தான் என்பது என் கட்சி. அடுத்த முறை இப்படி ஒரு கடைக்குப் போனால் அடுப்பை எட்டிப் பார்த்து, "கேஸா?" என்று முகம் சுளிக்காதீர்கள். விறகாக இருந்தால், "ஒரு புகைபோக்கி வெச்சா நல்லாயிருக்குமே" என்று முதலாளி காதில் போட்டுவிட்டு வாருங்கள். நாலு வாடிக்கையாளர் சொன்னால் நிச்சயம் வைப்பார். ருசி போய்விட்டது என்று சொன்னதைக் கேட்டு அடுப்பையே மாற்றியவர்தானே!