இல்லை என்று சொல்லும் கணக்கு

யானைமலையின் அருகே, ஒத்தக்கடையில், எங்கள் வீட்டு முன்னறையில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்து வருகிறேன். அத்தா காலத்தில் இருப்பும் ஆர்டரும் ஒரே நோட்டில் இருந்தன. தீர்ந்துபோன சேலையின் பெயர்மேல் சிவப்பு மையால் கோடிழுத்து விடுவார்கள். நான் கணிப்பொறிக்கு மாறினேன். எக்செலில் ஒரு தாளில் இருப்பு, மற்றொன்றில் ஆர்டர். சேலையின் எண்ணைத் தட்டினால் 'வீலுக்கப்' என்னும் சூத்திரம் இருப்புத் தாளில் தேடி, எத்தனை உள்ளன என்று சொல்லிவிடும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன், ஒரு திருமண வீட்டார் 114ஆம் எண் பச்சைச் சேலையில் ஆறு கேட்டார்கள். திரையில் 8 என்று வந்தது. வாக்களித்து முன்பணமும் பெற்றேன். அலமாரியைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை! அது தீர்ந்துவிட்டதென்று அந்த வரியை நானே முன்பு நீக்கியிருந்தேன். பிறகு எட்டு எங்கிருந்து வந்தது?

மகள் வந்து பார்த்தாள். "அம்மா, சூத்திரத்தின் நான்காவது இடத்தை விட்டுவிட்டீர்கள். அப்படி விட்டால், கேட்ட எண் இல்லாதபோது அதற்கு முந்தைய எண்ணின் கணக்கை எடுத்துக் கொடுத்துவிடும்" என்றாள். 113இன் இருப்புத்தான் அந்த எட்டு! பட்டியல் வரிசையாக இல்லாவிட்டால் விடை இன்னும் தாறுமாறாக வருமாம். அவள் அந்த இடத்தில் ஒரு சுழியம் இட்டாள். எட்டு மறைந்து, கிடைக்கவில்லை என்னும் பிழைக்குறி தோன்றியது. 2019இல் மைக்ரோசாப்ட் அறிவித்த 'எக்ஸ்லுக்கப்' சூத்திரமோ, நாம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, கேட்ட எண்ணையே தேடும்.

இன்னொரு குறையும் அன்று தெரிந்தது. இருப்பு எட்டாக இருக்க, ஐந்து ஐந்தாக இரண்டு ஆர்டர்கள் வந்தால், இரண்டுக்கும் எட்டு என்றே சூத்திரம் சொல்லும். முன்பு கொடுத்த வாக்கை அது கழிப்பதில்லை. ஆகவே 'சம்இஃப்' கொண்டு அந்த எண்ணின் நிலுவை ஆர்டர்களைக் கூட்டி, இருப்பில் கழித்த பிறகே இப்போது வாக்களிக்கிறேன்.

திருமண வீட்டாரிடம் நேரில் சென்று, உண்மையைச் சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "முதலிலேயே இல்லையென்றிருந்தால் வேறு கடை பார்த்திருப்போமே" என்றார் மணமகளின் தாயார். கோபித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

அன்புச் சகோதரிகளே! வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நீங்கள், உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்துச் சூத்திரத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லாத கணக்கை நம்பி யாருக்கும் வாக்களிக்காதீர்கள். அத்தாவின் சிவப்புக் கோடு செய்த வேலை அதுதான்.