நான் அழித்த படம்

மலை முகட்டில் இடிந்த கல்வீடுகளுக்கு நடுவே, இரு கைகளையும் விரித்துச் சிரித்தபடி நிற்கிறேன். பின்னால் செங்குத்தாக இறங்கும் பாறை. குடும்பக் குழுவில் அனுப்பிய அந்தப் படத்துக்கு, "என்ன அழகான இடம்!" என்று தங்கை பதில் போட்டிருந்தாள். அன்று மாலையே படத்தை அழித்துவிட்டேன். காரணத்தை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

கிரீஸின் கியோஸ் தீவுக்கு நானும் தோழியும் போயிருந்தோம். கரையில் நின்றால் எதிரே துருக்கி தெரியும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கிறார்களே, அந்தப் பிசினுக்குப் பேர்போன தீவு. தெற்குப் பக்கத்து ஊர்கள் பல நூற்றாண்டுகளாக அந்தப் பிசின் தரும் மரத்தை நம்பியே வாழ்கின்றன. கோடையில் பட்டையைக் கீறிவிட, சொட்டுச் சொட்டாக வடிவது அடியில் தூவிய வெள்ளைப் பொடியின்மேல் விழுந்து இறுகுகிறது. அதைப் பொறுக்கி, கையாலேயே சுத்தம் செய்கிறார்கள். இந்தத் தொழிலறிவை 2014-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதல் நாள், அந்தத் தெற்கு ஊர்களான பிர்கியும் மெஸ்தாவும். பிர்கியில் வீட்டுச் சுவர்களெல்லாம் கோலம் போட்டதுபோல் இருந்தன. கருமையான சாந்தின்மேல் சுண்ணாம்பு அடித்து, அதைச் சுரண்டிச் சுரண்டியே கட்டமும் முக்கோணமுமாக வரைகிறார்கள். மெஸ்தாவின் சந்துகள் வளைந்து வளைந்து, வளைவுக் கூரைகளுக்கு அடியில் புகுந்து போயின. 'இங்கே வழி தவறுவதே சுகம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கடற்கொள்ளையர் வழி தவறித் திண்டாடட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள் என்பது அப்போது தெரியாது. ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே ஊரின் மதில். எதிரி உள்ளே நுழைந்துவிட்டால் மொட்டைமாடி வழியாகவே நடுக் கோபுரத்துக்கு ஓடலாம். நான் ரசித்த அழகு, அவர்கள் அச்சத்தில் கட்டிய அரண்.

மறுநாள் அனாவதோஸ். போகும் வழியில் நேயா மோனி என்ற 11-ஆம் நூற்றாண்டு மடாலயம் வந்தது. "திரும்பும்போது பார்க்கலாம்" என்றேன். ஒரே நாளில் எத்தனை ஊர் பார்க்கலாம் என்பதிலேயே குறியாக இருந்தேன். அனாவதோஸில் ஏறக்குறைய ஆளே இல்லை. பாறையும் வீடும் ஒரே நிறம். உச்சிக்கு ஏறினோம், அந்தப் படத்தை எடுத்தோம்.

திரும்பும்போது மடாலயத்தில் இருந்த முதியவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகப் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், வாசலருகே இருந்த சிறு கோயிலுக்குள் எங்களை அழைத்துப்போனார். கண்ணாடி அலமாரியில் வரிசை வரிசையாக மண்டையோடுகள். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "1822" என்றார். "இங்கே ஒளிந்தார்கள். அங்கே குதித்தார்கள்" என்று நான் நின்ற பாறை இருக்கும் திசையைக் காட்டினார்.

ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்த காலம் அது. தீவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று அனாவதோஸ் மக்கள் பாறையிலிருந்து விழுந்தார்கள் என்பது தீவு மக்கள் சொல்லிவரும் செய்தி. 1881-இல் நிலநடுக்கமும் தாக்கியது. ஆனால் 1822 படுகொலையில், பிசின் தந்த வருமானம் சுல்தானுக்குத் தேவைப்பட்டதால் தெற்கு ஊர்கள் பெரும்பாலும் தப்பின. முதல் நாள் நான் ரசித்த ஊர்கள் நிலைத்ததற்கு அந்த மரமும் ஒரு காரணம்; மறுநாள் பார்த்த ஊருக்கு அந்தக் காவல் இல்லை.

பெரியவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. இழவு வீடு என்று தெரியாமல் உள்ளே போய்ச் சிரித்துவிட்டவளைப்போல் நின்றேன். தெரியாமல் செய்ததுதான். ஆனால் விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் நாள்கணக்கில் தேடிய நான், அந்த ஊருக்கு என்ன நடந்தது என்று அரைமணி நேரம் படிக்கவில்லை. அது என் அலட்சியம்.

இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஓர் ஊர்தான். அதன் கதையைப் படித்துவிட்டே கிளம்புகிறேன். கியோஸுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதலில் நேயா மோனியில் இறங்குங்கள். அதன்பிறகு அனாவதோஸுக்கு ஏறுங்கள்.