ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் ஊர்

தென் பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போகிறவர்கள் பழைய துறைமுகத்தையும் குன்றின்மேல் நிற்கும் மாதா கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புரோவான்ஸ் என்னும் அந்தச் சீமையின் மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கும் ஒபாஞ் ஊரின் பொம்மைக் கடைகளுக்குப் போக வேண்டும். அங்கே விற்கும் களிமண் பொம்மைக்குச் சான்தோன் என்று பெயர். புரோவான்ஸ் மொழியில் ‘குட்டிப் புனிதர்’ என்று பொருள். கிறிஸ்துமஸ் குடிலில் வைப்பதற்காகச் செய்பவை இவை. பெரும்பாலும் 7 சென்டிமீட்டர் உயரம். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் புனிதர்கள் கொஞ்சம்தான். மீன்காரி, ரொட்டி சுடுபவர், கத்திக்குச் சாணை பிடிப்பவர், ஊர் மேயர், ஒரு கையால் மேளம் தட்டி மறுகையால் குழலூதுபவர், விறகுக்கட்டு சுமக்கும் கிழவி என்று ஓர் ஊரே திரண்டு தொட்டில் குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறது. கொலு வைக்கும் வீட்டாருக்கு இந்தக் கூட்டத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. நாற்சந்தியில் நிற்கும் வெண்கலச் சிலைகளைவிட, ஓர் ஊரின் நினைவை இந்தச் சிறு மண்பொம்மைகளே நேர்மையாகக் காத்துவருகின்றன என்பது என் எண்ணம்.

இவை பிறந்த விதமே அதற்குச் சான்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டன. பொது இடத்துக் குடில்கள் மறைந்தன. மக்கள் குடிலை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். மார்செய் சிற்பி ழான் லூயி லான்யெல் (1764–1822) பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்திப் பொம்மை எடுத்தார். ஒரே அச்சில் பல பொம்மைகள் வந்ததால் விலை இறங்கியது, ஏழை வீட்டுக்கும் குடில் வந்தது. வாங்குபவர்கள் தெருவின் மக்களாக இருக்கையில் தெருவின் முகங்களும் பொம்மையாயின. 1803இல் மார்செய்யில் தொடங்கிய சான்தோன் சந்தை இன்றும் ஆண்டு இறுதியில் கூடுகிறது. 1844இல் அந்துவான் மொரெல் புரோவான்ஸ் மொழியில் எழுதிய கிறிஸ்து பிறப்பு நாடகம் இந்த முகங்கள் பலவற்றுக்குக் கதையும் குணமும் கொடுத்தது. இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ‘ராவி’. ஊரார் அப்பாவி என்று ஒதுக்கும் மனிதர். மற்றவர்கள் மீனும் ரொட்டியும் கொண்டுவர, இவர் வெறுங்கையோடு வந்து, இரு கைகளையும் உயரத் தூக்கி வியந்து நிற்கிறார். அப்படிப்பட்டவருக்கு எந்த நகராட்சி சிலை வைத்திருக்கிறது?

புகழ்பெற்றவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. 1895இல் ஒபாஞ்சில் பிறந்த எழுத்தாளர், திரைப்பட இயக்குநர் மர்செல் பஞோலின் பாத்திரங்களைச் சான்தோன்களாக்கி அந்த ஊரிலேயே நிரந்தரக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். 1904இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் மிஸ்த்ராலும் களிமண்ணில் கிடைக்கிறார். ஆனால் குடிலில் வைத்தால் கவிஞரும் மீன்காரியும் ஒரே உயரம்தான். அவர்களைச் சுற்றிக் காற்றாலை, கிணறு, துணி துவைக்கும் துறை என்று வழியோரக் காட்சிகள் எழுகின்றன. கவிஞரின் பெயரே கொண்ட, அந்த மண்ணின் மிஸ்த்ரால் காற்றைக்கூட விடவில்லை: எக்ஸ் நகரத்துப் போல் ஃபூக் 1952இல் செய்த மேய்ப்பர், பறக்கப் பார்க்கும் தொப்பியைப் பிடித்தபடி காற்றை எதிர்த்து நடக்கிறார்.

இதெல்லாம் சுற்றுலாச் சரக்கு, இன்று யாரும் அந்த உடையில் நடமாடுவதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. உடை பழையதுதான். ஆனால் சான்தோன் அலமாரியில் தூங்கும் நினைவுப்பொருள் அன்று. டிசம்பர் 4 அன்று தட்டில் முளைப்பாரிபோல் கோதுமை தெளித்து, குடில் அமைத்து, பல வீடுகளில் பிப்ரவரி 2 வரை வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மை சேர்க்கும் குடும்பங்களும் உண்டு. இன்னொரு குறை கனமானது. ‘பூமியான்’ என்னும் நாடோடிப் பொம்மை, பிள்ளை பிடிப்பவன், திருடன் என்ற பழியைச் சுமந்து நிற்கிறது. ரோமா மக்கள்மீது ஊர் கொண்டிருந்த வெறுப்பு அது. அழகான மண்வேலை அதை நியாயப்படுத்தாது. ஊரின் நினைவைக் காக்கும் பொம்மை ஊரின் தவறையும் சேர்த்தே காக்கிறது. அதனால் பூமியானை ஒளித்துவைப்பதைவிட, அவர் கதையைப் பிள்ளைகளுக்கு நேராகச் சொல்வதே சரி.

ஒபாஞ் போகிறவர்கள் ஒரே ஒரு பொம்மை வாங்குவதானால் கவிஞரை விட்டுவிடுங்கள். அவருக்கு நூல்கள் இருக்கின்றன. சாணைக்காரரை வாங்கி வாருங்கள்.