எமது கிணறும் ஒரு மாணவியின் விவரணப்படமும்

சென்ற ஆண்டுவிழா முடிந்து மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளை, முன்னர் எம்மிடம் ஏழாம் வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி அருகில் வந்து நின்றாள். இப்போது பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயில்கின்றாள். “சேர், உங்கட ஊர்க் கிணத்தைப் பற்றிக் கமராவுக்கு முன்னால கதைப்பீங்களோ?” என்று கேட்டாள். நாம் மறுத்துவிட்டோம்.

கிணற்றுக் கதையை அவளது வகுப்பில் நாமே சொல்லியிருந்தோம். ஊரிற் புவியியல் கற்பித்த பழக்கம் எம்மை இன்னும் விட்டபாடில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அதைத்தான் எம் முன்னோர் துலா மிதித்து இறைத்தார்கள். கல்லின் வெடிப்புகளினூடு மழைநீர் விரைந்து இறங்குவதுபோல, நிலத்தில் நாம் கொட்டுவதும் அவ்வாறே இறங்கிவிடும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகச் செய்தி வந்தபோது எமது தமக்கையார் தொலைபேசியில், “தம்பி, குடிக்கிற தண்ணி பவுசரில வருகுது” என்றார். நாம் பிறந்த நாள் முதற் குடித்த கிணறு அது.

இவ்வளவு சொல்லியவர் ஏன் மறுத்தீர் என்று பெற்றோர் கேட்கலாம். இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலக அறையில் எமது வாழ்க்கையை ஒலிப்பதிவுக் கருவியின் முன் சொல்ல நேர்ந்தது. ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்பதற்காக, சொன்னதெல்லாம் ஐயத்துக்குரியதாயிற்று. அன்று முதல், சிவப்பு விளக்கு எரியும் எந்தக் கருவியைக் கண்டாலும் எமது நா ஒட்டிக்கொள்கின்றது. மாணவியிடம் இதைச் சொல்லவில்லை. நேரமில்லை என்றோம். ஆசிரியர்களும் பொய் சொல்வதுண்டு.

அவள் வற்புறுத்தவில்லை. “இதையாவது பாருங்கோ சேர்” என்று ஒரு படத்தின் பெயரை எழுதித் தந்துவிட்டுப் போனாள். ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’. நாற்பது நிமிட அளவினதான அப்படம் 2022 டிசம்பரில் வெளியாகி, 2023 மார்ச்சில் குறும் விவரணப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. ஆங்கிலப் பெயரைக் கண்டு ஆங்கிலப் படம் என்றே எண்ணியிருந்தோம். பேச்செல்லாம் தமிழ்! இலண்டனிற் பிறந்த எம் பிள்ளைகள், காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் பேசிய தமிழைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

அதை இயக்கிய கார்த்திகி கொன்சால்வ்ஸ் உதகமண்டலத்திற் பிறந்தவர். கோயம்புத்தூர்க் கல்லூரியொன்றிற் காட்சித் தொடர்பியல் பயின்று, பின்னர் உதகையிலேயே ஒளிப்படக் கலையையும் கற்றவர். 2017இல் வீடு திரும்பும் வழியில், முதுமலைத் தெருவோரம் ஒரு முதியவரும் தாயற்ற யானைக்கன்று ஒன்றும் நடந்து போவதைக் கண்டு நின்றிருக்கின்றார். முதியவர் பொம்மன், கன்றின் பெயர் ரகு. மின்சாரம் தாக்கி அதன் தாய் இறந்தபின், தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் அதனை வளர்த்தனர். கண்டவுடன் படம்பிடித்துக்கொண்டு போயிருந்தால் அது ஓர் அழகிய ஒளிப்படமாக மட்டும் நின்றிருக்கும். அவரோ திரும்பத் திரும்பப் போனார், அவர்களோடு பழகினார். முதற் சந்திப்பிலிருந்து படம் நிறைவுற ஐந்து ஆண்டுகள் சென்றன. கன்றைக் காட்டப் புகுந்தவர், பெள்ளியின் முதற் கணவரைப் புலி கொன்றதையும், மகளை அவர் இழந்ததையும், வறட்சி யானைகளைக் காட்டினின்றும் ஊருக்குள் துரத்துவதையும் காட்டும்படி ஆயிற்று. ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கும் இடத்தில் எமது மனைவியார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

பின்னர் 2023 ஓகஸ்டில், பொம்மனும் பெள்ளியும் தமக்குச் சொன்னபடி பணம் தரப்படவில்லையெனக் குறை கூறியதும், படக்குழுவினர் அதனை மறுத்ததும் செய்திகளில் வந்தன. வழக்கின் நியாயம் எமக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்வது எமது வேலையுமன்று. ஆயினும் ஒருவர் தம் துயரத்தைக் கமராவுக்குக் கொடுத்தபின் அது யாருடையது என்ற வினா எம்மை உறங்கவிடவில்லை.

மாணவியை வீட்டுக்கு அழைத்து அவ்வினாவையே கேட்டோம். விடை சொல்லாமல் தனது மடிக்கணினியை விரித்தாள். முதலிற் காட்டியது 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’. தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. கண்ணை எடுக்க முடியாத காட்சிகள். ஆனால் கதை சொல்லும் குரல், பதினேழாம் நூற்றாண்டில் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியதை வாசிக்கின்ற லயனல் வென்ட்டின் குரல். கொழுந்து பறிக்கும் பெண்கள் தம் கதையைத் தாமே சொல்வதில்லை. அடுத்தது 1935இல் ஆதர் எல்டனும் எட்கர் அன்ஸ்ரியும் எடுத்த ‘ஹவுசிங் புரொப்ளம்ஸ்’. எரிவாயுத் தொழிலின் பணத்தில் எடுத்ததுதான். ஆயினும் அதிலே கிழக்கு இலண்டன் ஸ்டெப்னியின் ஏழைகள், தத்தம் அறையில் நின்று, எலியையும் ஈரச் சுவரையும் தம் வாயாலேயே சொல்கின்றார்கள். அவர்களிடம் முன்கூட்டிச் சென்று பேசி அச்சந் தெளிவித்தவர் ரூபி கிரியர்சன் என்ற பெண்மணி என்று மாணவி சொன்னாள். “அந்த வேலையைத்தான் சேர் நான் முதல் படிக்கவேணும்” என்றாள்.

அப்போதுதான் அந்த அலுவலக அறைக் கதையை அவளுக்குச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தாளேயன்றி எதையும் பதியவில்லை. அதன்பின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கமரா இன்றியே வந்தாள். தேநீர் குடித்தாள், துலா, பட்டை, ஆடுகால், வாய்க்கால் என்று சொற்களைக் குறித்துக்கொண்டாள். தமக்கையாருடன் தொலைபேசியிற் பேசி, கிணற்றடியைக் காட்டுவதற்கு அவரிடமே உத்தரவும் கேட்டாள். தமக்கையார் சம்மதித்தார், தம் முகம் மட்டும் வேண்டாம் என்றார். எமக்கு அது தோன்றியிராது.

விழா முடிந்த அடுத்த சனிக்கிழமை ஒளிப்பதிவு. எடுத்ததை முதலில் எமக்குக் காட்டவேண்டும், வேண்டாமென்ற பகுதியை நீக்கவேண்டும் என்று கேட்டோம், எழுதியே தந்துவிட்டாள். கேள்விகள் தமிழில் இருக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தோம். சென்ற கிழமை இரண்டு தாள்களிற் கேள்விகளைக் கொண்டுவந்தாள். கிணறு என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் இடையின ரகரம் இட்டிருந்தாள். சிவப்பு மையினால் திருத்திக் கொடுத்தோம்.